மந்தையை அழித்த தோல் வியாபாரம்

(பண்ணை வானொலிப் பேச்சு)



கமலை கட்டி இறைத்த பெரியவர்களுக்குத் தோலின் குணம் நன்றாகத் தெரியும். சாலில் கட்டிய தோல் வாலுக்கு எண்ணெய் போடாமல் பத்து நாள் வெயிலில் விட்டால் என்ன ஆகும்? அப்பளம் மாதிரி விறைத்து, மடித்த இடத்தில் வெடித்துவிடும். தோலுக்குள்ளே நூல் நூலாக நார் இருக்கிறது. ஈரம் வற்றும்போது நார்கள் பசை போட்டதுபோல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அவற்றை ஒட்டவிடாமல் செய்வதுதான் தோலைப் பதமாக்குகிற வித்தை.

நம் ஊரில் சுண்ணாம்பு வைத்து ரோமத்தை நீக்கி, ஆவாரம் பட்டைச் சாற்றிலே ஊறப்போட்டார்கள். ஆனால் ரோமம் உதிராமல், போர்வை மாதிரி மெத்தென்று தோலைப் பதப்படுத்த வேண்டுமென்றால்? அதிலே கைதேர்ந்தவர்கள் வட அமெரிக்காவின் புல்வெளிகளில் வாழ்ந்த லக்கோட்டா, செயென், பிளாக்ஃபீட் முதலிய பூர்வகுடிப் பெண்கள். அவர்களுடைய கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். கதை தூரத்து ஊர்க் கதைதான்; ஆனால் கணக்கு நம்முடைய கணக்கு.

அந்தப் புல்வெளியில் பைசன் என்கிற காட்டெருமைகள் கோடிக்கணக்கில் மேய்ந்தன. 3 கோடி என்பாரும் உண்டு, 6 கோடி என்பாரும் உண்டு. கறி உணவுக்கு, நரம்பு தைக்கும் நூலுக்கு, கொம்பு கரண்டிக்கு, தோல் கூடாரத்துக்கும் உடுப்புக்கும். கார்த்திகை முதல் மாசி வரை குளிரில் ரோமம் அடர்ந்திருக்கும். அப்போது எடுத்த பசுவின் தோல்தான் போர்வைக்கு உகந்தது. அதிலேதான் தொப்பி, கையுறை, ரோமம் உள்பக்கம் வைத்துத் தைத்த காலணி எல்லாம் செய்தார்கள்.

வேலை எப்படி என்று கேளுங்கள். உரித்த தோலைத் தரையில் விரித்து, சுற்றிலும் முளை அடித்து இழுத்துக் கட்டுவார்கள். எலும்பு உளியால் சதையையும் கொழுப்பையும் வழித்தெடுப்பார்கள். தடித்த இடத்தைச் சுரண்டி ஒரே கனமாக்குவார்கள். அப்புறம் மாட்டின் மூளையை வேகவைத்துப் பிசைந்து, ஈரலும் கொழுப்பும் சேர்த்து, ரோமமில்லாத பக்கத்தில் தேய்த்து ஊறவைப்பார்கள். ஒரு மிருகத்தின் தோலுக்கு அதன் மூளையே போதும் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. மூளையில் உள்ள நெய்ப்பசை தண்ணீரோடு கலந்து நார்களுக்கு இடையே புகுந்துகொள்ளும்.

அதோடு முடிந்ததா? இல்லை. இனிமேல்தான் முதுகு ஒடிகிற வேலை. தோலை முறுக்கிப் பிழிந்து, கட்டிய கயிற்றின் மேலே போட்டு, காய்ந்து முடிகிறவரை இப்படியும் அப்படியும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவிலே கை விட்டால் அந்த இடம் விறைத்துப் போகும். பல தோல்களுக்குப் புகையும் காட்டுவார்கள். புகைபட்ட தோல் நனைந்து காய்ந்தாலும் மிருதுவாக இருக்கும். ஒரு போர்வை முடியப் பல நாள் ஆகும். ஆண் வேட்டையாடி எத்தனை மாடு கொண்டுவந்தாலும், பெண் கை எத்தனை தோலைப் பதப்படுத்துமோ அத்தனைதான் போர்வை. அதுதான் இயற்கையாக அமைந்த வரம்பு.

வியாபாரி வந்தான், வரம்பு அசைந்தது. 1832-இல் மிசௌரி ஆற்றில் நீராவிக் கப்பல் யூனியன் கோட்டை வரை போயிற்று. 1840-களில் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் போர்வைகள் கீழே இறங்கின. பதிலுக்குத் துப்பாக்கி, இரும்புச் சாமான், சாராயம் வந்தது. பிளாக்ஃபீட் மக்களிடையே வசதியுள்ளவர்கள் தோல் வேலைக்கென்றே கூடுதலாகப் பெண்களை மணந்தார்கள். லாபம் ஒருவருக்கு, கை நோவு இன்னொருவருக்கு. மந்தையும் குறையத் தொடங்கியது.

ஆனாலும் முழு நாசம் 1871-க்குப் பிறகுதான். ரோமம் தேவையில்லை, கோடைத் தோலும் ஆகும், தொழிற்சாலையிலேயே பதனிட்டு இயந்திரங்களுக்கு வார் செய்யலாம் என்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தோல் முதலாளிகள் கண்டுகொண்டார்கள். இனிமேல் பெண் கை எதற்கு? ரயில் ஏறி வந்த வேட்டைக்காரர்கள் தோலை மட்டும் உரித்துக்கொண்டு கறியை அழுகவிட்டார்கள். காட்டெருமையைக் காக்க 1874-இல் ஒரு மசோதா நிறைவேறியும், ஜனாதிபதி கிராண்ட் கையெழுத்துப் போடவில்லை. 1870-களின் முடிவில் தெற்கு மந்தை போயிற்று. 1883-இல் வடக்கு மந்தையும் தீர்ந்தது. அந்தக் குளிர்காலத்தில் மொன்டானாவில் பிளாக்ஃபீட் மக்கள் நூற்றுக்கணக்கில் பட்டினியால் மடிந்தார்கள். குடியேறிய விவசாயிகள் நிலத்தில் கிடந்த எலும்பைப் பொறுக்கி, உரத்துக்கு விற்றார்கள்.

வில்லியம் ஹார்னடே என்பவர் அரசு அருங்காட்சியகத்தில் மிருகத்தோலைப் பாடம் செய்து பொம்மையாக நிறுத்துகிறவர். 1886-இல் மாதிரிக்கு மாடு தேடிப் போனவர், மந்தை இல்லாததைக் கண்டு அதிர்ந்தார். 1889-இல் அவர் வெளியிட்ட கணக்குப்படி மிஞ்சியவை 1,091 மட்டுமே. அவர் முயற்சியால் 1907-இல் மிருகக்காட்சி சாலையில் வளர்ந்த 15 மாடுகளை ஒக்லஹோமாவுக்கு அனுப்பி மந்தையைத் திரும்ப உண்டாக்கினார்கள். இன்றைக்கு அவை லட்சக்கணக்கில் இருக்கின்றன, பெரும்பாலும் பண்ணைகளில்தான்.

நம் நாட்டிலும் புலித்தோலும் மான்தோலும் கௌரவமாக இருந்த காலம் உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. புலி நகம், கீரி ரோமப் பிரஷ், நரிக்கொம்பு என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். விற்பதும் வாங்குவதும் குற்றம். கை வேலை பழக ஆசைப்படுகிறவர்களுக்கு வீட்டு ஆட்டின் தோல் இருக்கவே இருக்கிறது.

கடைசியாக ஒன்று. கமலை இறைத்த காலத்தில் மாடு களைத்தால் இறைப்பு நிற்கும்; கிணறு ஊறிக்கொள்ளும். பம்புசெட் களைப்பதில்லை. கிணறுகள் என்ன ஆயின என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கை ஓய்ந்தால் வேலை நிற்கும் என்ற வரம்பு போகிற இடத்தில், போதும் என்கிற வரம்பை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் புல்வெளியில் அதை யாரும் போடவில்லை.