நாமக்கல் எச்.ஐ.வி. விழுக்காடு

நாமக்கல், சேலம் வட்டாரத்து அரசு மருத்துவமனைகளுக்கு வரும் நோயாளிகளிலும் கர்ப்பிணிகளிலும் நூற்றில் எத்தனை பேருக்கு எச்.ஐ.வி. தொற்று உள்ளது என்பதைச் சொல்லும் கணக்கு. ஒரு மருத்துவமனையின் எண் ஒரு மாவட்டத்தின் பெயராகவே மாறிப்போனதற்கு இது எடுத்துக்காட்டு.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாக 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் அவருடைய மாணவி நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகள் அதை வெளிக்கொணர்ந்தன. 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. நாமக்கல் 1997 ஜனவரி முதல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது. லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளும் முட்டைக் கோழிப் பண்ணைகளும் அதன் அடையாளம். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு போட வடமாநிலங்கள் வரை போகும். வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் வீடு திரும்பாத ஆண்கள் நிறைந்த ஊர்கள் இவை. தொற்று சாலை வழியாக வந்து வீட்டுக்குள் நுழைந்தது. கணவரைத் தவிர யாரையும் அறியாத பெண்கள், முதல் பிரசவத்துக்குப் பதிவு செய்யப்போன இடத்தில்தான் செய்தியைத் தெரிந்துகொண்டார்கள்.

கணக்கெடுப்பின் முறையை அறிந்தால்தான் அந்த எண்ணின் பொருள் விளங்கும். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 1998 முதல், தேர்ந்தெடுத்த மருத்துவமனைகளில் மட்டும் 'சென்டினல்' கண்காணிப்பை முறையாக நடத்திவருகிறது. கணக்கெடுப்பு நடக்கும் மூன்று மாத காலத்தில் கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும் பெண்களில், வரிசை மாறாமல் 400 பேரின் மாதிரிகள் எடுக்கப்படும். மேகநோய்ப் பரிசோதனைக்காக எடுத்த இரத்தத்தில் மிஞ்சியதையே, பெயரும் முகவரியும் நீக்கி, எச்.ஐ.வி.க்கும் சோதித்தனர். பால்வினை நோய்ப் பிரிவுகளில் 250 மாதிரிகள் எடுக்கப்பட்டன. 400 பேரில் நால்வருக்குத் தொற்று இருந்தால் 1 விழுக்காடு. ஒருவர் கூடினாலோ குறைந்தாலோ கால் விழுக்காடு நகரும். ஓராண்டு எண்ணை மட்டும் வைத்துப் பதறுவதும் நிம்மதிப் பெருமூச்சு விடுவதும் தவறு.

கர்ப்பிணிகளிடையே 1 விழுக்காட்டைத் தாண்டிய மாவட்டங்கள் 2007-இல் தொடங்கிய தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் 'ஏ' பிரிவில் வைக்கப்பட்டன. நாமக்கல் அதில் இடம்பெற்றது. நிதியும் ஆட்களும் வர அந்த முத்திரை உதவியது என்பதில் ஐயமில்லை. ஆனால் நிர்வாக வசதிக்காகக் குத்திய முத்திரையை ஊரார் தங்கள் மேல் குத்தப்பட்டதாகவே படித்தார்கள்.

அந்த எண் எந்த அளவுக்கு உண்மை? மருத்துவமனை அளவில் உண்மை. மாவட்ட அளவில் மிகை. தொற்று இருக்குமோ என்று ஐயப்பட்டவர்களைத் தனியார் மருத்துவர்கள் அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள்; வசதியற்றவர்கள் அங்கேதான் போவார்கள். ஆந்திரத்தின் குண்டூரில் வீடு வீடாக நடத்தி 2006-இல் வெளியான ஆய்வு, மருத்துவமனைக் கணக்கை வைத்துப் போட்ட மதிப்பீடு உண்மை அளவைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்று காட்டியது. நாடு முழுவதும் சுமார் ஒரு லட்சம் பேரின் இரத்தத்தைச் சோதித்த மூன்றாவது தேசியக் குடும்பநல ஆய்வு (2005–06) தமிழ்நாட்டில் 0.34 விழுக்காடு என்றது. விளைவாக, இந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேல் என்று சொல்லப்பட்டுவந்த எச்.ஐ.வி. உள்ளோர் எண்ணிக்கை 2007-இல் ஏறத்தாழ 25 லட்சமாகத் திருத்தப்பட்டது. நோய் ஒரே இரவில் பாதியாகவில்லை, கணக்குத்தான் திருந்தியது.

அதனால் மருத்துவமனைக் கணக்கு வீண் என்று ஆகிவிடாது. ஒரே இடத்தில், ஒரே முறையில், ஆண்டுக்கு ஆண்டு எண்ணினால் ஏற்றமும் இறக்கமும் தெரியும். அதற்குத்தான் அது உருவானது.

இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை 2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட சில அரசு மருத்துவமனைகளில் தொடங்கிப் படிப்படியாக மாவட்டங்களுக்கு வந்தது. 2017 முதல், தொற்று உறுதியானதுமே மருந்து தொடங்கப்படுகிறது. சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று செல்லும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு. முறையாக மருந்து எடுத்தால் 5 விழுக்காட்டுக்கும் கீழே. காசநோய் உறுதியாகும் ஒவ்வொருவருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்வதும் இப்போது நடைமுறை, ஏனெனில் இரண்டும் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து அதிகம்.

இன்று நாட்டின் வயது வந்தோரிடையே எச்.ஐ.வி. அளவு சுமார் 0.2 விழுக்காடு. தொற்றுள்ளவரை வேலையிலும் சிகிச்சையிலும் ஒதுக்குவதைத் தடுக்கும் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம். முடிவு மறைவாகவே வைக்கப்படும். விவரம் கேட்க 1097 என்ற எண்ணை அழைக்கலாம்.