ஜிப் கோப்பு பிறந்த கதை

வேர்டில் அடித்து வைத்த டாக்எக்ஸ் கோப்பு ஒன்றை நோட்பேடில் திறந்து பாருங்கள். திரை முழுக்கப் புரியாத கிறுக்கல்தான் வரும். ஆனால் முதல் இரண்டு எழுத்து மட்டும் பளிச்சென்று தெரியும்: ஆங்கில ‘பி’, ஆங்கில ‘கே’. ஆண்ட்ராய்டு செயலியின் ஏபிகே கோப்பு, இபப் மின்னூல், ஜாவாவின் ஜார் கோப்பு, லிப்ரே ஆபிஸ் ஆவணம் என்று எதைத் திறந்தாலும் அதே ‘பி’, அதே ‘கே’. வெளியே பெயர் என்னவாக இருந்தாலும் உள்ளே இவை அத்தனையும் ஜிப் கோப்புகள்தான். அந்த இரண்டு எழுத்தும் அமெரிக்காவின் மில்வாக்கி நகரைச் சேர்ந்த ஃபில் காட்ஸ் என்ற நிரலாளருடைய பெயரின் முதலெழுத்துகள்.

பிறர் எழுதிய நிரலை எடுத்துக்கொண்டார் என்று காட்ஸ் மேல் ஒரு வழக்கு வந்தது. அதில் பணம் கட்டிவிட்டு வெளியே வந்த கையோடு அவர் உருவாக்கியதுதான் ஜிப். ஆனால் அதற்குள் ஓடும் கணக்கு அவர் பிறப்பதற்கு 11 ஆண்டுகள் முன்பே, ஒரு வகுப்பறையில் தொடங்கிவிட்டது.

தேர்வுக்குப் பதில் ஒரு கட்டுரை

1951இல் எம்ஐடியில் ராபர்ட் ஃபானோ தகவல் கோட்பாடு நடத்திக்கொண்டிருந்தார். 1948இல் பெல் ஆய்வகத்தின் கிளாட் ஷானன் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பிய புத்தம் புதிய துறை அது. ஒரு செய்தியில் மெய்யாகவே எவ்வளவு தகவல் இருக்கிறது என்று அளக்க முடியும். எதையும் இழக்காமல் சுருக்க வேண்டுமானால் அந்த அளவுக்குக் கீழே போக முடியாது என்று ஷானன் நிறுவியிருந்தார். எல்லை தெரிந்துவிட்டது. அதை எட்டிப் பிடிக்கும் வழிதான் பாக்கி.

அடிக்கடி வரும் எழுத்துக்குச் சின்னக் குறி, அபூர்வமாக வருவதற்கு நீளக் குறி என்பது தந்திக் காலத்திலேயே தெரிந்த உத்தி. மோர்ஸ் குறியில் ஆங்கில ‘இ’க்கு ஒரே ஒரு புள்ளி. ஆனால் எந்த எழுத்துக்கு எத்தனை பிட் என்று பங்கிட்டால் மொத்த நீளம் மிகமிகக் குறையும்? எழுத்துகளை அவை வரும் அளவுப்படி வரிசையாக அடுக்கி, ஏறத்தாழச் சமமான இரண்டு பாதியாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மறுபடி வெட்டிக்கொண்டே போவது ஷானனும் ஃபானோவும் கண்ட வழி. நல்ல வழிதான். இதைவிடச் சிறந்தது கிடையாது என்று மட்டும் அவர்களால் சொல்ல முடியவில்லை.

ஃபானோ மாணவர்களுக்கு ஒரு சலுகை கொடுத்தார். இறுதித் தேர்வு எழுதலாம். இல்லையென்றால் இந்தக் கணக்கைத் தீர்த்து ஒரு கட்டுரை கொடுக்கலாம். பெரிய தலைகளே முட்டி நின்ற கணக்கு என்பதை அவர் சொல்லவில்லை. டேவிட் ஹஃப்மன் என்ற மாணவர் கட்டுரையைத் தேர்ந்தெடுத்து மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார். இனி ஆகாது, தேர்வுக்கே படித்துவிடலாம் என்று முடிவு செய்த நேரத்தில் விடை பிடிபட்டது. மேலிருந்து வெட்டக் கூடாது, கீழிருந்து சேர்க்க வேண்டும். இருப்பதிலேயே அபூர்வமான இரண்டு எழுத்துகளைச் சேர்த்து ஒன்றாக்கு. அதையும் ஓர் எழுத்தாகவே கணக்கில் வைத்து, மறுபடி மிக அபூர்வமான இரண்டைச் சேர். எல்லாம் ஒரே மரமாகும் வரை விடாதே. இப்படிக் கிடைக்கும் குறிகளைவிடச் சிக்கனமான பங்கீடு இருக்க முடியாது என்பதையும் நிறுவினார். 1952இல் கட்டுரை அச்சானது. அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை.

ஹைஃபாவிலிருந்து ஒரு ‘மேற்படி’

ஹஃப்மன் முறை எழுத்தெழுத்தாகத்தான் பார்க்கும். சொற்களும் தொடர்களும் திரும்பத் திரும்ப வருவது அதன் கண்ணில் படாது. அந்தக் குறையைத் தீர்த்தவர்கள் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் டெக்னியன் கல்லூரியில் இருந்த ஆபிரகாம் லெம்பல், யாக்கோப் ஸிவ் இருவரும். 1977இல் ஒரு கட்டுரை, 1978இல் இன்னொன்று.

நம் ஊர்ப் பத்திர எழுத்தர்களுக்கு இந்த யோசனை பழக்கமானது. ஒருமுறை முழுதாக எழுதிய பெயரையும் சர்வே எண்ணையும் அடுத்த வரியில் திரும்ப எழுத மாட்டார்கள். ‘மேற்படி’ என்றோ ‘௸’ என்றோ போட்டு நகர்ந்துவிடுவார்கள். லெம்பலும் ஸிவ்வும் செய்தது மேற்படிக்கு இரண்டு எண் சேர்த்ததுதான்: எவ்வளவு தூரம் பின்னால் போக வேண்டும், அங்கிருந்து எத்தனை எழுத்து எடுக்க வேண்டும். படிப்பவர் கையில் அதுவரை விரித்த பகுதி இருக்கிறதல்லவா? அதிலிருந்தே எடுத்துக்கொள்வார். அகராதி தனியாக அனுப்ப வேண்டாம். எந்த மொழி, எந்த எழுத்து எத்தனை முறை வரும் என்று முன்கூட்டித் தெரிந்திருக்கவும் வேண்டாம்.

1984இல் டெர்ரி வெல்ச் என்பவர் 1978ஆம் ஆண்டு முறையைச் செம்மை செய்து வெளியிட்டார். மூவர் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து அதை எல்இசட்டபிள்யூ என்பார்கள். எளிமையானது, வேகமானது, யூனிக்ஸின் ‘கம்ப்ரஸ்’ நிரல் உடனே அதை எடுத்துக்கொண்டது. 1987இல் கம்ப்யூசர்வ் நிறுவனம் உருவாக்கிய ஜிஃப் படத்துக்குள்ளும் அது புகுந்தது. இதற்கிடையில், 1985 டிசம்பரிலேயே, அந்த முறைக்குக் காப்புரிமை பதிவாகியிருந்தது. அது பின்னால் யூனிசிஸ் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பயன்படுத்திய பலருக்கு இது தெரியவே தெரியாது.

மில்வாக்கி வழக்கு

அந்த ஆண்டுகளில் வீட்டுக் கணினிக்காரர்கள் கோப்புகளைத் தொலைபேசி வழியாகத்தான் பரிமாறிக்கொண்டார்கள். யாரோ ஒருவர் தன் வீட்டுக் கணினியை மோடத்தில் மாட்டி வைத்திருப்பார்; மற்றவர்கள் அந்த எண்ணுக்குப் போன் போட்டு நிரல்களை இறக்கிக்கொள்வார்கள். நொடிக்கு 2400 பிட் போகும் மோடத்தில் ஒரு 360 கேபி பிளாப்பி அளவு விவரம் வந்துசேர 25 நிமிடம் பிடிக்கும். வெளியூர் எண்ணாக இருந்தால் அத்தனை நிமிடத்துக்கும் காசு. பாதியாகச் சுருக்கினால் பில்லும் பாதி.

நியூ ஜெர்சியைச் சேர்ந்த சிஸ்டம் என்ஹான்ஸ்மென்ட் அசோசியேட்ஸ் என்ற சின்ன நிறுவனம் 1985இல் ‘ஆர்க்’ என்ற நிரலைக் கொண்டுவந்தது. எழுதியவர் தாம் ஹெண்டர்சன். பல கோப்புகளை ஒரே கட்டாக்கிச் சுருக்கும் வேலையை அது கச்சிதமாகச் செய்தது. அதன் மூலநிரலையும் அந்த நிறுவனம் நிபந்தனைகளோடு வெளியே கொடுத்திருந்தது.

காட்ஸுக்கு அப்போது 24 வயதுகூட ஆகவில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மில்வாக்கி வளாகத்தில் கணினி படித்தவர். ஆர்க்கின் நேரம் தின்னும் பகுதிகளை அசெம்ப்ளி மொழியில் திருப்பி எழுதி ‘பிகேஆர்க்’ என்று வெளியிட்டார். அசலைவிடப் பல மடங்கு வேகம். ஆட்கள் மொய்த்தார்கள். 1986இல் பிகேவேர் நிறுவனம் அவர் தாயாரின் வீட்டிலேயே தொடங்கியது.

1988இல் ஆர்க் நிறுவனம் வழக்குப் போட்டது. இரண்டு மூலநிரல்களையும் ஒப்பிட்ட நிபுணரின் அறிக்கை காட்ஸுக்கு எதிராக வந்தது. ஹெண்டர்சனின் குறிப்புரைகளில் இருந்த எழுத்துப்பிழைகள்கூடக் காட்ஸின் நிரலில் அப்படியே இருந்தன. சில மாதங்களில் சமரசம்: காட்ஸ் பணம் கட்ட வேண்டும், ஆர்க் வடிவத்தோடு ஒத்துப்போகும் நிரல்களை விற்பதை நிறுத்த வேண்டும்.

சட்டம் ஹெண்டர்சன் பக்கம் நின்றது. மோடம் உலகம் காட்ஸ் பக்கம் நின்றது. பெரிய நிறுவனம் ஒரு தனியாளை நசுக்குகிறது என்ற பேச்சு பரவியது. உண்மையில் இரண்டுமே சின்ன நிறுவனங்கள். காட்ஸ் எடுத்துக்கொண்டதும் மெய். கோபத்தில் இருந்தவர்கள் அதைக் கேட்கவில்லை. கோப்பு வடிவம் ஒருவரின் சொத்தாக இருந்தால் நாளைக்கு நம் கோப்புகளின் கதி என்ன என்பதுதான் அவர்களுடைய கேள்வி. அந்தக் கேள்வி நியாயமானது.

பூட்டில்லாத புதுப் பெட்டி

காட்ஸ் அதற்குப் பதில் வைத்திருந்தார். ஆர்க்கை விட்டுவிட்டு முற்றிலும் புதிய வடிவத்தை வகுத்தார். வேகத்தைக் காட்டும்படி ‘ஜிப்’ என்று பெயர் வைக்கச் சொன்னவர் அவருடைய நண்பர் ராபர்ட் மஹோனி. 1989 பிப்ரவரி 14 அன்று வந்த அறிவிப்பில், இந்தக் கோப்பு வடிவம் பொதுச்சொத்து, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று சொல்லப்பட்டது. எந்த இடத்தில் எத்தனை பைட்டில் என்ன இருக்கும் என்று விவரிக்கும் ‘ஆப்நோட்’ என்ற ஆவணத்தையும் நிரலோடு சேர்த்தே கொடுத்தார். பிகேஜிப் நிரல் அவருடையது, அதை அவர் விற்றார். வடிவத்தை மட்டும் ஊருக்கு விட்டுவிட்டார்.

வடிவத்தை அமைத்ததிலும் கெட்டிக்காரத்தனம் இருந்தது. ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாகச் சுருக்கப்படும். எது எங்கே இருக்கிறது என்ற பட்டியல் கடைசியில் வரும். நூறு கோப்புள்ள கட்டிலிருந்து ஒன்றை எடுக்க மற்ற தொண்ணூற்றொன்பதை விரிக்கத் தேவையில்லை. எந்த முறையில் சுருக்கப்பட்டது என்பதை ஓர் எண்ணாகக் குறித்து வைத்ததால், நாளைக்கு வேறு முறை வந்தாலும் வடிவம் அப்படியே இருக்கும்.

அந்த ஏற்பாடு சீக்கிரமே உதவியது. முதலில் வந்த ‘ஷ்ரிங்க்’ முறை எல்இசட்டபிள்யூவின் உறவு. அடுத்து வந்த ‘இம்ப்ளோட்’ லெம்பல், ஸிவ் இருவரின் 1977ஆம் ஆண்டு முறையையும் ஷானன்–ஃபானோ மரத்தையும் இணைத்தது. பிகேஜிப் இரண்டாம் பதிப்புக்காக ‘டிஃப்ளேட்’ வந்தது. முதலில் திரும்ப வரும் தொடர்களை எண்ணாக மாற்றும். 32,768 பைட் வரை பின்னால் போகலாம், ஒரே தடவையில் 3 முதல் 258 பைட் வரை எடுக்கலாம். பிறகு எஞ்சிய எழுத்துகளையும் எண்களையும் ஹஃப்மன் மரத்தில் ஏற்றும். ஆசிரியரின் மரம் போய் மாணவரின் மரம் வந்து நின்றது.

காட்ஸ் காப்புரிமையையே வெறுத்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். டிஃப்ளேட் சுருக்கும்போது தொடர்களைத் தேடும் ஒரு நுட்பத்துக்கு அவரே காப்புரிமை வாங்கினார். ஆனால் அந்த நுட்பத்தைத் தொடாமலே டிஃப்ளேட் எழுத வழி இருந்தது. வடிவம் திறந்திருந்ததால் மற்றவர்கள் அந்த வழியில் போனார்கள்.

மற்றவர் கைக்கு வந்த பிறகு

அப்படிப் போனவர்களில் முக்கியமானவர்கள் பிரான்ஸின் ஜான்-லூ கேலி, அமெரிக்காவின் மார்க் ஆட்லர். எல்இசட்டபிள்யூ காப்புரிமையால் ‘கம்ப்ரஸ்’ நிரலைப் பயன்படுத்த முடியாமல் தவித்த கட்டற்ற மென்பொருள் உலகத்துக்கு, 1992இல் டிஃப்ளேட்டை வைத்து ‘ஜிஜிப்’ எழுதிக் கொடுத்தார்கள். 1994 டிசம்பரில், ஜிஃப் படம் உருவாக்கும் மென்பொருள்களுக்கு உரிமக் கட்டணம் உண்டு என்ற அறிவிப்பு வந்தது. நிரலாளர்கள் கொதித்துப்போய்ச் சில மாதங்களில் பிஎன்ஜி என்ற புதுப் பட வடிவத்தை வகுத்தார்கள். அதற்குள்ளும் டிஃப்ளேட். அதற்காகவே கேலியும் ஆட்லரும் 1995இல் ‘இசட்லிப்’ என்ற நிரல் தொகுப்பை எழுதினார்கள். 1996 மே மாதத்தில் டிஃப்ளேட் முழுவதும் 20 பக்கத்துக்குள் அடங்கும் ஒரு பொது ஆவணமாக வெளிவந்தது.

காட்ஸால் இந்த ஓட்டத்தோடு ஓட முடியவில்லை. விண்டோஸ் பக்கம் அவர் தாமதமாகத்தான் திரும்பினார். அதற்குள் அவருடைய வடிவத்தைத் திறக்கும் வின்ஜிப் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. குடிப்பழக்கம் அவரை அரித்தது. 2000 ஏப்ரலில் மில்வாக்கியில் ஒரு விடுதி அறையில் இறந்துகிடந்தார். வயது 37.

இந்தக் கதையில் தமிழுக்கும் ஒரு பங்கு உண்டு. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் பிடிக்கும். ‘அம்மா’ திரையில் மூன்றெழுத்து. உள்ளே அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறி, ஆக 15 பைட். ஆங்கிலத்தில் அதே சொல்லை நான்கு பைட்டில் எழுதிவிடலாம். ஆனால் தமிழ்க் குறிகளின் முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றில் ஒரு பைட் புதிதாக எதையும் சொல்வதில்லை, இன்னொன்று இரண்டே விதம். இவ்வளவு தெரிந்த பைட்டுகளுக்கு ஹஃப்மன் மரம் குட்டிக் குறிகளையே கொடுக்கும். ‘கிறது’, ‘ப்பட்ட’ போல ஓயாமல் வரும் விகுதிகளை லெம்பல்–ஸிவ் முறை மேற்படியாக்கிவிடும். ஜிஜிப் ஆகி வரும் ஒரு தமிழ் இணையப் பக்கத்தில் அந்த மூன்று பைட் சுமையின் பெரும்பகுதி வழியிலேயே கரைந்துவிடுகிறது.

ஜிப்பைவிட நன்றாகச் சுருக்கும் நிரல்களுக்கு இன்று பஞ்சமில்லை. 7-ஜிப், பிராட்லி, இசட்ஸ்டாண்டர்ட் எல்லாமே அதைத் தோற்கடிக்கும். ஆனாலும் அலுவலகத்தில் ‘ஜிப் பண்ணி அனுப்பு’ என்றுதான் சொல்கிறோம். சுருக்குவது ஒருவர் செய்து முடிக்கும் வேலை கிடையாது. எதிர்முனையில் இருப்பவரால் பிரிக்க முடிய வேண்டும், இருபது ஆண்டு கழித்தும் பிரிக்க முடிய வேண்டும். அந்த உறுதியை நிரலின் சாமர்த்தியத்தால் தர முடியாது; வடிவத்தின் விவரம் எல்லோர் கையிலும் இருந்தால்தான் முடியும். காட்ஸ் தொடங்கிய ஆப்நோட் ஆவணத்தைப் பிகேவேர் இன்னும் திருத்தித் திருத்தி இலவசமாக வெளியிட்டு வருகிறது. நிரல் எழுதக் கற்கும் ஒரு மாணவி இன்றைக்கே அதைப் படித்துத் தன் சொந்த ஜிப் நிரலை எழுதத் தொடங்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.