கம்மங்கஞ்சியிலிருந்து தொப்பை வரை: ஒரு கரிசல் கதை

இன்னைக்கு ராஜா கதை இல்ல. ஊரிலிருந்து வந்து சென்னை ஃபிளாட்ல நம்மகூட இருக்கிற தாத்தா, அப்பத்தாவோட வயிற்றின் கதை.

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வானம் பார்த்த கரிசல் பூமி. அங்கே விளைஞ்சது கம்பு, சோளம், குதிரைவாலி, பருத்தி. நெல்லுச்சோறுன்னா தீபாவளி, பொங்கல் மாதிரி நல்ல நாளுக்குத்தான். ஊருக்குள்ள நெசவு. குழித்தறியில நாள் முழுக்கக் கால் மிதிக்கணும், கை ஓடணும். காட்டு வேலையோ, சொல்லவே வேண்டாம். சாப்பிட்டது உடம்புல தங்க நேரமே இல்ல.

அப்புறம் அரிசி வந்தது. 1967-ல் அண்ணா ஆட்சிக்கு வந்ததும் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. 2008-ல் ரேஷன்ல கிலோ ஒரு ரூபாய். 2011-ல் இலவசம். இதைக் குறைச்சு பேசக்கூடாது. பசியைப் பார்த்த தலைமுறைக்கு வெள்ளைச் சோறுங்கிறது ஒரு வெற்றி. அந்த வெற்றியைத்தான் அவங்க தினமும் தட்டுல பார்க்கிறாங்க.

ஆனா தட்டு நிறைஞ்ச அதே காலத்துல காலுக்கு வேலை குறைஞ்சது. விசைத்தறி வந்தது. பிள்ளைகள் நகரத்துக்குப் போனாங்க, பின்னாடியே பெரியவங்களும். லிஃப்ட், டிவி, சோஃபா. 2001-ல் சென்னையில தொடங்கின 'க்யூர்ஸ்' ஆய்வு என்ன சொல்லுச்சு? நகரத்து ஆட்களோட கலோரியில கிட்டத்தட்ட பாதி, தீட்டின அரிசி மாதிரி தானியத்திலிருந்தே வருது. அதை அதிகமா சாப்பிட்டவங்களுக்கு இடுப்புச் சுற்றளவும் அதிகம்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. 1947-லேயே பிரான்ஸின் மார்சேய் நகர மருத்துவர் ஜான் வாக், கொழுப்பு எவ்வளவுங்கிறதைவிட எங்கே சேருதுங்கிறது முக்கியம்னு எழுதினார். 2004-ல் புனே மருத்துவர் யாஜ்னிக், லண்டன் நண்பர் யுட்கினோட சேர்ந்து ஒரு படம் வெளியிட்டார். ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனா உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2!

வயசானா தசை கரையும், அந்த இடத்துல கொழுப்பு வயிற்றுக்குள்ள சேரும். எடை மெஷின்ல நம்பர் மாறாமலே இருக்கலாம். 'நான் ஒல்லிதானேப்பா'ன்னு தாத்தா சொல்றது பொய் இல்ல. ஆனா முழு உண்மையும் இல்ல. சர்க்கரையும் இதயநோயும் அந்த இடைவெளியிலதான் நுழையுது.

அதனால எடை மெஷினோட ஒரு இஞ்ச் டேப்பும் எடுங்க. வேட்டி, சேலை கட்டுற இடத்துல இல்ல. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல அளக்கணும். நம்ம ஆட்களுக்கு எல்லை ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80. தாண்டினா டாக்டரைப் பாருங்க.

ஒண்ணு மட்டும். அப்பத்தா தட்டுலேர்ந்து சோறைப் பிடுங்காதீங்க. சோறு கொஞ்சம் குறையட்டும், பருப்பும் காயும் கூடட்டும். சாயங்காலம் கையைப் பிடிச்சு ஒரு நடை கூட்டிட்டுப் போங்க. கம்மங்கஞ்சிக் கதையை அப்போ கேளுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.