மறையுண்மை வாழ்வாகும்போது



நண்பகலில் ஆலய மணி ஒலிக்கிறது. வயலில் நிற்பவர் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு மூவேளை செபம் சொல்கிறார். வானதூதர் அறிவித்ததையும், மரியா இசைவு தந்ததையும், இறைமகன் மனிதரானதையும் அந்தச் சில நிமிடங்களில் அவர் நினைவுகூர்கிறார். இறையியல் குருமடத்துப் புத்தகங்களோடு நின்றுவிடுவதில்லை என்று எனக்கு முதலில் கற்பித்தது சிறுவயதில் கேட்ட அந்த மணியோசைதான்.

மனுவுருவாதல் என்னும் இந்த மறையுண்மைதான் திருஅவையின் கலையையும் காப்பாற்றியது. 8-ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசில் திருவுருவங்களை அழித்தார்கள். கண்ணால் காணமுடியாத கடவுளை எப்படி வரையலாம் என்று கேட்டார்கள். தமஸ்கு நகர் புனித யோவான் இதற்குப் பதில் எழுதினார்: கடவுளே உடலெடுத்து மனிதரிடையே வாழ்ந்ததால், அவர் முகத்தை வரையலாம், நம் வணக்கம் மரத்துக்கோ வண்ணத்துக்கோ அல்ல, அதில் காட்டப்படுபவருக்கே. 787-ஆம் ஆண்டு இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம் திருவுருவ வணக்கத்தை உறுதிப்படுத்தியது. பல நூற்றாண்டுகளுக்குப் பின், கோணாங்குப்பத்தில் வீரமாமுனிவர் நிறுவிய பெரியநாயகி அன்னை தமிழ்ப்பெண்ணாகச் சேலை உடுத்தி நின்றதற்கும் வேர் இதுவே. மனிதரான கடவுள் எந்த மண்ணுக்கும் அந்நியர் அல்லர்.

கல்வியிலும் அப்படித்தான். மக்களைத் தேடி வந்தவரின் செய்தியை அவர்கள் மொழியிலேயே சொல்ல வேண்டும் என்று உணர்ந்தவர் இயேசு சபைக் குரு என்ரிக்கே என்ரிக்கஸ் அடிகளார். முத்துக்குளித்துறை மக்களிடையே உழைத்து, அவர்கள் பேசிய தமிழைக் கற்று, அதற்கு இலக்கணமும் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் அவரது 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. பதினாறே பக்கங்கள் கொண்ட மறைக்கல்வி நூல். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல்! ஓலைச்சுவடி எட்டாத கைகளுக்கும் அச்சுப் புத்தகம் எட்டும் காலம் அங்கே தொடங்கியது.

அன்பர்களே, வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1872-இல் வடக்கன்குளத்தில் கட்டிய ஆலயம் இரு கால்களைப் போலப் பிரிந்திருந்தது. பீடம் ஒன்று, திருப்பலி ஒன்று, நற்கருணையும் ஒன்று. ஆனால் சாதிக்கொரு பக்கமாக மக்கள் தனித்தனியே நின்றார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெரும் எதிர்ப்புக்கிடையே அந்தத் தடுப்பு அகற்றப்பட்டது. மனுவுருவாதலை நாவால் அறிக்கையிட்டுக்கொண்டே, செங்கல்லால் மறுக்கவும் நம்மால் முடியும் என்பதற்கு அந்தக் கட்டடம் சாட்சி.

அது பழைய கதை என்று எண்ணிவிடாதீர்கள். இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் இரண்டு. அத்தகைய ஊர் ஒன்றில் நான் அடக்கச் சடங்கு நிறைவேற்றியிருக்கிறேன். நடுவே இருந்த சுவரைப் பார்த்தேன், செபத்தை முடித்தேன், ஒரு வார்த்தையும் பேசாமல் வீடு திரும்பினேன். அந்த மௌனம் இன்றும் என்னை உறுத்துகிறது.

இன்று நண்பகல் மணி ஒலிக்கும்போது ஒரு கணம் நிற்போம். கடவுள் எந்த மனித உடலையும் தீட்டு என்று ஒதுக்கவில்லை. அப்படியிருக்க, யாரை நான் இன்னும் என் வீட்டுத் திண்ணையோடு நிறுத்தி வைத்திருக்கிறேன்? இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லும் அருளை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.