ரக்கூன் வளர்க்க ஆசையா? திருவனந்தபுரத்து ஃப்ளாட்டில் அது ஏன் சரிப்பட்டு வராது?

பஞ்சுமிட்டாயைக் கழுவித் தின்னலாம் என்று தண்ணீரில் போடுகிறது ஒரு ரக்கூன். மிட்டாய் கரைந்து காணாமல் போக, இரண்டு கையாலும் தண்ணீரைத் துழாவித் துழாவித் தேடுகிறது. இந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. பார்த்தவர்களில் சிலருக்காவது 'நம்ம வீட்ல ஒண்ணு இருந்தா எப்படி இருக்கும்?' என்று தோன்றியிருக்கும்.

நாகர்கோவில், திருநெல்வேலி பக்கத்திலிருந்து வந்து டெக்னோபார்க்கில் வேலை பார்த்துக்கொண்டு, கழக்கூட்டத்தில் வாடகை ஃப்ளாட்டில் இருப்பவர்களுக்கு இந்த ஆசை வருவதில் ஆச்சரியமில்லை. நாய், பூனை எல்லோரிடமும் இருக்கிறது. இகுவானா, பால் பைத்தான், மக்கா கிளி என்று 'எக்ஸாட்டிக் பெட்' வளர்ப்பு கேரளத்தில் பல ஆண்டுகளாகவே பரவிவிட்டது. அப்படியானால் ரக்கூன்?

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டது. திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. சைட்டிஸ் எனப்படும் சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கும் வெளிநாட்டு விலங்குகளை இந்தத் திருத்தம் நான்காவது அட்டவணைக்குள் கொண்டுவந்தது. அவற்றை வைத்திருப்பவர்கள் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரி 28-இல் வெளியாகின. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. பால் பைத்தான், இகுவானா, மக்கா, மார்மோசெட் குரங்கு எல்லாம் இதில் அடங்கும்.

ரக்கூன் அடங்காது. வட அமெரிக்காவில் அது ஏராளமாக இருக்கிறது, அழியும் நிலையில் இல்லை. அதனால் சைட்டிஸ் பட்டியலில் அதற்கு இடமில்லை. 'பாஸ், இதுக்கு ரெஜிஸ்ட்ரேஷனே வேண்டாம்' என்று ஒரு விற்பனையாளர் சொன்னால், அந்த ஒரு வாக்கியம் பொய்யில்லை. ஆனால் அவர் சொல்லாமல் விடும் அடுத்த வாக்கியம்தான் முக்கியம்: இந்த விலங்கு இந்தியாவுக்குள் எப்படி வந்தது?

ரக்கூன் இந்தியக் காடுகளில் கிடையாது. எனவே நம் நாட்டில் உள்ள ஒவ்வொரு ரக்கூனும் இறக்குமதியானது, அல்லது இறக்குமதியான ஒன்றின் குட்டி. காட்டு விலங்கை இறக்குமதி செய்ய வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும். கால்நடைத் துறையின் சுகாதார அனுமதியும் தனிமைப்படுத்தல் பரிசோதனையும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து குடிபெயர்ந்து வருபவர்கள் லக்கேஜோடு செல்லப்பிராணி கொண்டுவரும் சலுகை நாய்க்கும் பூனைக்கும்தான். இந்தக் காகிதங்கள் இல்லாமல் வந்த குட்டி, சுங்கச் சட்டத்தின் பார்வையில் கடத்தல் பொருள். வாங்கியவரும் விசாரணைக்கு உட்பட்டவரே. 'ஆன்லைன்ல பேமென்ட் பண்ணேன்' என்ற ஸ்கிரீன்ஷாட் உங்களைக் காப்பாற்றாது. அதுவே சாட்சியாகலாம்.

கடத்தல் வழியும் ரகசியமில்லை. பாங்காக்கிலிருந்து வரும் விமானங்கள்தான். 2024 மார்ச்சில் மும்பைக்குக் கிளம்பிய ஆறு இந்தியர்களை பாங்காக் விமான நிலையத்தில் பிடித்தபோது, அவர்கள் பெட்டிகளில் சிவப்புப் பாண்டா உட்பட 87 விலங்குகள் இருந்தன. அதே ஆண்டு டிசம்பரில் கொச்சி விமான நிலையத்தில், இருவாச்சி உட்பட 14 வெளிநாட்டுப் பறவைகள் பிடிபட்டன. சூட்கேஸுக்குள் மூச்சுமுட்டி வழியிலேயே சாகும் விலங்குகளை யாரும் ரீல்ஸ் எடுத்துப் போடுவதில்லை.

சரி, எப்படியோ வீட்டுக்கு வந்துவிட்டது. அப்புறம்?

முதல் ஆறு மாதம் நன்றாகவே போகும். குட்டி பாட்டிலில் பால் குடிக்கும், தோளில் ஏறும். பருவமடையும்போதுதான் ஆளே மாறுகிறது. ரக்கூன் இரவில் இயங்கும் விலங்கு. நீங்கள் தூங்கப்போகும் நேரம் அதற்குக் காலை. வளர்ந்தது 5 முதல் 10 கிலோ வரை இருக்கும், முன்னங்கால் விரல்கள் மனித விரல்போல வேலை செய்யும். 1908-இல் ஹெச்.பி. டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் ரக்கூன்களிடம் 13 வகைப் பூட்டுகளைக் கொடுத்துப் பார்த்தார். பத்துக்கும் குறைவான முயற்சிகளில் 11 பூட்டுகளைத் திறந்துவிட்டன. உங்கள் ஃபிரிட்ஜ் கதவு எம்மாத்திரம்!

வெள்ளை மாளிகையே சமாளிக்க முடியாத விஷயம் இது. 1926-இல் நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில் சமைப்பதற்காக அதிபர் கால்வின் கூலிட்ஜுக்கு ஒரு ரக்கூன் அனுப்பப்பட்டது. அவர் மனைவி அதை ரெபெக்கா என்று பெயர் வைத்து வளர்த்தார். கடைசியில் அதுவும் வாஷிங்டன் உயிரியல் பூங்காவுக்குத்தான் போனது.

நாயைப் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதன் தேர்ந்தெடுத்து வளர்த்து மாற்றியிருக்கிறான். கையில் வளர்ந்த ரக்கூன் குட்டி பழகிய காட்டு விலங்கு, அவ்வளவுதான். கோபம் வந்தால் கடிக்கும். ஆள் பார்த்துக் கடிக்காது.

கடித்தால் என்ன ஆகும்?

கேரளத்தில் இந்தக் கேள்வியைச் சாதாரணமாகக் கடந்துவிட முடியாது. 2025 ஏப்ரல், மே மாதங்களில் தெருநாய்க் கடிக்கு ஆளான குழந்தைகள், தடுப்பூசி போட்ட பிறகும் ரேபிஸ் நோயால் இறந்தது மாநிலத்தையே உலுக்கியது. அமெரிக்காவில் ரேபிஸ் பரப்பும் முக்கியமான காட்டு விலங்குகளில் ரக்கூனும் ஒன்று.

நாய் கடித்தால், அதைப் பத்து நாள் கண்காணிக்கச் சொல்வார்கள். அது ஆரோக்கியமாக இருந்தால் கடித்த சமயத்தில் அதன் எச்சிலில் வைரஸ் இல்லை என்று அர்த்தம். ரக்கூனுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதன் உடலில் வைரஸ் எத்தனை நாள் எச்சிலில் வெளிவரும் என்பதற்கு உறுதியான அளவுகோல் இல்லை. வளர்ப்பு ரக்கூனுக்கென்று உரிமம் பெற்ற ரேபிஸ் ஊசியும் கிடையாது. சந்தேகம் தீர ஒரே வழி, அதைக் கொன்று மூளையைச் சோதிப்பது. 2024 அக்டோபர் இறுதியில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வீட்டிலிருந்து பீனட் என்ற பிரபல அணிலையும் ஃபிரெட் என்ற ரக்கூனையும் அதிகாரிகள் பறிமுதல் செய்து, கருணைக்கொலை செய்து சோதித்தார்கள். இரண்டுக்குமே ரேபிஸ் இல்லை என்று பின்னர் முடிவு வந்தது.

கடி பட்டவர் செய்ய வேண்டியது, எந்த விலங்கானாலும் ஒன்றுதான்: காயத்தை சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போவது.

இன்னொன்று, ரக்கூன் குடலில் வாழும் ஒரு உருளைப்புழு. பெண் புழு ஒரு நாளைக்கு லட்சத்துக்கும் மேல் முட்டை இடும். எச்சத்தில் வெளிவரும் முட்டை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். மண்ணில் விளையாடும் குழந்தையின் வாய்க்குள் போனால் புழுவின் இளம் பருவம் மூளை வரைக்கும் போகக்கூடும். அபூர்வமான நோய்தான், வந்தால் மீள்வது கடினம்.

வேண்டாம் என்று விட்டுவிட்டால்?

ஜப்பானைக் கேளுங்கள். 1977-இல் ரக்கூன் குட்டியை நாயகனாக வைத்து அங்கே ஒரு கார்ட்டூன் தொடர் வந்தது. குழந்தைகள் அடம்பிடிக்க, ஆயிரக்கணக்கில் ரக்கூன்கள் இறக்குமதியாகின. கதையின் முடிவில் சிறுவன் அதைக் காட்டில் விட்டுவிடுவான். வளர்த்தவர்களும் அப்படியே செய்தார்கள். இன்று பயிர்களையும் பழமையான கோயில் கூரைகளையும் அவை நாசம் செய்கின்றன. 2005-இல் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது காலம் கடந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் 2016-இல் ரக்கூனை அந்நிய ஆக்கிரமிப்பு இனமாக அறிவித்தது.

தப்பிப்பதும் சுலபம். 2023 ஜூனில் திருவனந்தபுரம் உயிரியல் பூங்காவிலிருந்தே, திருப்பதியிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு அனுமன் குரங்கு தப்பியது. பயிற்சி பெற்ற ஊழியர்கள் தேடியும் மூன்று வாரம் கழித்துத்தான், நகரிலுள்ள ஜெர்மன் பண்பாட்டு மையத்தின் கழிவறையில் சிக்கியது. பால்கனி கம்பிவலையை நம்பி ரக்கூன் வளர்ப்பவர் யோசித்துக்கொள்ளலாம்.

கூரையில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்

ரக்கூன் செய்யும் வேலையை இந்த ஊரில் செய்ய வேறொரு பிராணி உண்டு. மலையாளத்தில் மரப்பட்டி, நாம் சொல்லும் மரநாய். முகத்தில் அதே போன்ற கறுப்பு முகமூடி, இரவு நடமாட்டம், பழத்தின்மேல் ஆசை. உறவு முறையில் ரக்கூனுக்கு நெருக்கமில்லை என்றாலும் குணம் அச்சு அசல். 2024 பிப்ரவரியில் முதல்வர் பினராயி விஜயனே, அமைச்சர்களின் அரசு இல்லங்களில் மரப்பட்டித் தொல்லை பற்றி மேடையில் நொந்துகொண்டார். குடிக்கத் தண்ணீரைத் திறந்து வைக்க முடியவில்லை, மேலிருந்து சிறுநீர் விழுகிறது என்று.

குட்டி அழகாக இருக்கிறதே என்று இதை எடுத்து வளர்த்தால் சட்டம் நேராகவே பாயும். மரநாய் இந்திய வனவிலங்கு, வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பது. பிடிப்பதும் கூண்டில் வைப்பதும் குற்றம், சிறைத் தண்டனை வரை போகும். பெரும்பாலும் தாய் அருகிலேயே இருக்கும், இரவில் வந்து குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடும். காயம்பட்ட குட்டி என்றால் பருத்திப்பள்ளி வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். தொல்லைதான் பிரச்சினை என்றால், இரவில் அது வெளியே போனதும் உள்ளே குட்டிகள் இல்லை என்று உறுதிசெய்துவிட்டு, ஓட்டுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தைக் கம்பிவலையால் அடையுங்கள். வீட்டு ஓனரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.