வொல்ஃப்காங் லைப்

வொல்ஃப்காங் லைப் (பிறப்பு: 1950, மெட்சிங்கன்) ஜெர்மானியக் கலைஞர். பால், மகரந்தம், அரிசி, தேன்மெழுகு ஆகியவை அவருடைய மூலப்பொருள்கள். தியான மரபையும் சமகாலக் கலையையும் சேர்த்துப் பேசும்போது அவர் பெயர் தவறாமல் வரும். ஆனால் அவருடைய முதன்மையான படைப்புகளில் தெய்வ உருவமோ மந்திர எழுத்தோ இராது. தியானத்தை அவர் வரைந்து காட்டுவதில்லை, அன்றாட வேலையாகச் செய்கிறார்.

டூபிங்கனில் மருத்துவம் பயின்றவர். மதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு அவர் குடும்பம் உதவி வந்தது. அவருடைய ஆய்வேடும் தென்னிந்தியக் குடிநீரின் சுகாதாரம் பற்றியதுதான். படிப்பை முடித்தும் மருத்துவத் தொழிலுக்குப் போகவில்லை. உடலோடு நின்றுவிடும் மருத்துவம் அவருக்குப் போதவில்லை. சமணம், பௌத்தம், சூஃபி ஞானி ரூமி, அசிசியின் புனித பிரான்சிஸ் என்று அவர் நாடிய வழிகள் பல.

1975இல் தொடங்கியவை ‘பாற்கல்’ வரிசைப் படைப்புகள். வெண்பளிங்குப் பலகையின் மேற்பரப்பை மிக மெல்லிய குழிவாகத் தேய்த்து, அதில் பாலை நிரப்புவார். பாலபிஷேகம் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல என்று தோன்றலாம். ஆனால் இங்கே பால் வழிந்தோடுவதில்லை. விளிம்புவரை அசையாமல் நின்று, கல் எது பால் எது என்று தெரியாதபடி ஆகிவிடுகிறது. பால் கெடும் என்பதால் தினமும் துடைத்துவிட்டுப் புதிதாக ஊற்றவேண்டும். முதல் முறை கலைஞர் ஊற்றுவார். பிறகு அது அருங்காட்சியக ஊழியர்களின் பொறுப்பு. படைப்பின் உயிரே இந்தத் தினசரி வேலையில்தான் இருக்கிறது.

1977 முதல் மகரந்தம் சேகரிக்கிறார். தென்ஜெர்மனியில் தம் ஊரைச் சுற்றியுள்ள புல்வெளிகளிலும் காடுகளிலும் ஹேசல், டான்டிலியன், பைன் என்று பூக்கும் வரிசைப்படி கையால் உதிர்த்துக் கண்ணாடிச் சாடிகளில் சேர்ப்பார். ஒரு பருவம் முழுக்க உழைத்தாலும் கிடைப்பது சில சாடிகள்தான். துணி வழியே சலித்துத் தரையில் பரப்பினால் கண்கூசும் மஞ்சள் சதுரம் உருவாகும். 1984இல் ‘ஏறமுடியாத ஐந்து மலைகள்’ என்ற பெயரில் சிறு மகரந்தக் குவியல்களை வைத்தார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 2013இல் அவர் பரப்பிய ஹேசல் மகரந்தம் ஏறக்குறைய 18க்கு 21 அடி. அதுவரை அவர் செய்த மகரந்தப் படைப்புகளில் அதுவே மிகப் பெரியது. காட்சி முடிந்ததும் மகரந்தம் வாரிச் சுத்தம் செய்யப்பட்டு மறுபடி சாடிக்குப் போகும்.

தென்னிந்திய வேதியர்களை இத்தாலியின் தூரின் நகருக்கு வரவழைத்து 2009இல் வேள்வி நடத்தியதும் உண்டு. பிறர் செய்யும் சடங்கைப் பார்வையாளர் நின்று பார்க்கும் அந்த முயற்சிக்குப் பாற்கல்லின் வலிமை இல்லை. 2015இல் ஜப்பானின் பிரீமியம் இம்பீரியாலே விருதைப் பெற்றார். மதுரைக்கு அருகிலும் அவருக்குப் பணிக்கூடம் உண்டு.