ஐரோப்பா கொந்தளித்தபோது நம் எல்லைக்கோடு செய்த வேலை



காரைக்கால் என்றதும் வெளியூர்க்காரர்கள் கேட்பது இரண்டே கேள்வி: பெட்ரோல் என்ன விலை, பாட்டில் என்ன விலை? நம் பிள்ளைகளும் இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து வடக்கே போய் நண்டலாற்றைத் தாண்டினால் வேறு மாநிலம். இப்படிப்பட்ட ஓர் எல்லைக்கோடு ஒரு காலத்தில் யாரை, எதைக் காப்பாற்றியது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பா தலைகீழாகிக்கொண்டிருந்தது. 1905 இல் ரஷ்யாவில் புரட்சி. அதே ஆண்டில் ஐன்ஸ்டைன் காலம், இடம் பற்றிய பழைய எண்ணங்களைப் புரட்டிப் போட்டார். 1907 இல் பாரிஸில் பிக்காசோ மனித முகத்தையே உடைத்து வரைந்தார். 1913 இல் அதே பாரிஸில் ஸ்ட்ராவின்ஸ்கியின் புது பாலே நடனத்தைப் பார்த்து அரங்கமே கூச்சல் போட்டது. 1914 இல் உலகப்போர். வகுப்பில் இவற்றையெல்லாம் எங்கோ நடந்தவையாகப் படித்திருப்பீர்கள். ஆனால் அந்த அலை நம் கடற்கரையிலும் அடித்தது.

1908 இல் சென்னையில் 'இந்தியா' பத்திரிகை மீது ஆங்கில அரசு பாய்ந்தது. பாரதியார் புதுச்சேரிக்கு வந்தார். பத்திரிகையும் பின்னாலேயே வந்தது. பிரெஞ்சு நாட்டில் 1881 இல் பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் வந்திருந்தது. ஆங்கிலப் போலீஸ் இங்கே புகுந்து கைது செய்ய முடியாது. ஆனால் பத்திரிகை தங்கள் பகுதிக்குள் நுழையாமல் தடுக்க அவர்களால் முடிந்தது. 1910 இல் 'இந்தியா' நின்றுபோனது அதனால்தான்.

அதே 1910 ஏப்ரலில் அரவிந்தர் வந்தார். வரகனேரி வ.வே.சு. ஐயரும் அந்த ஆண்டே வந்து சேர்ந்தார். லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போனவர், சாவர்க்கரோடு இந்தியா ஹவுஸில் பழகிப் புரட்சிக்காரராகத் திரும்பினார். 1914 மார்ச்சில், ஓவியம் கற்ற மிர்ரா என்ற பாரிஸ் பெண்மணி வந்தார். அன்னை என்று பின்னாளில் அறியப்பட்டவர். போர் தொடங்கிய சில நாளில், ஆகஸ்ட் 15 அன்று, 'ஆர்யா' இதழ் வெளிவந்தது. போர் அவரையும் கணவரையும் மறு ஆண்டே பிரான்சுக்குத் திருப்பி அனுப்பியது. 1920 இல்தான் மீண்டு வந்தார்.

ஒரு சிறு துறைமுக நகரம் இத்தனை பேரையும் ஒன்றாக வைத்திருந்தது. விளைவு என்ன? 1912 இல் 'பாஞ்சாலி சபதம்' முதல் பாகம் அச்சானது. 1915 இல் ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' வந்தது. தமிழின் தொடக்ககாலச் சிறுகதை என்றால் அதைத்தான் முதலில் சொல்வார்கள். 1917 இல் ஜார் மன்னன் வீழ்ந்ததும் பாரதியார் ரஷ்யாவைப் பாடினார். பெல்ஜியத்தைப் பாடியதும் போர்க்காலத்தில்தான்.

இதில் நம் பங்கு? கனகசுப்புரத்தினம் என்ற இளைஞர் 1909 இல் பிரெஞ்சு அரசின் தமிழாசிரியராக முதன்முதலில் வேலை பார்த்தது நம் நிரவியில். அவர்தான் பாரதிதாசன். சம்பளம் கொடுத்தது அரசு. தமிழுக்கு நெருப்பு கொடுத்தது பாரதி. வாத்தியார் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இதில் தனி மகிழ்ச்சி.

பிரெஞ்சுக்காரர் நமக்குத் தர்மம் செய்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களும் ஆள வந்தவர்கள்தான். 1954 நவம்பர் 1 வரை ஆண்டார்கள். 1911 இல் மணியாச்சியில் ஆஷ் சுடப்பட்ட பிறகு புதுச்சேரியில் ஒற்றர்கள் தெருத்தெருவாகத் திரிந்தார்கள். அடைக்கலம் என்பது பாதி சிறைதான். 1918 நவம்பரில் பாரதியார் எல்லையைத் தாண்டினார். கடலூர் அருகே உடனே கைதானார். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கவிஞர், அந்தப் பக்கம் கைதி.

அந்தச் சட்டம் பாரிஸ் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் போராடிப் பெற்றது. அதன் நிழலில் தமிழ் புதிதாக மூச்சு வாங்கியது. இனி யாராவது பாட்டில் விலை கேட்டால், விலையைச் சொல்லிவிட்டு இதையும் சொல்லுங்கள்.

பழைய குடும்பங்களில் முதல் உலகப்போருக்குப் பிரெஞ்சுப் படையில் போனவர்களின் கடிதமோ படமோ பரணில் கிடக்கலாம். செல்லரிக்கும் முன் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள்.